மலை சொன்ன தூரம்

சைக்கிளை விட்டு இறங்கும்போது இடது பெடல் கீழே தாழ்ந்திருக்கும்படி நிறுத்துவது ஸ்ரீகாந்தின் பல வருடப் பழக்கம். செருப்பைச் சுவரோரம் சேர்த்து விடுவதைப் போல, எரிவாயு அடுப்பை அணைத்த பிறகும் குமிழை ஒருமுறை தொட்டுப் பார்ப்பதைப் போல, நினைக்காமலே நடந்துவிடும் காரியம் அது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், மழைக்காகச் சாத்திய ஜன்னல்களால் கூடம் மங்கிக் கிடக்க, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மூலைக்கு வந்தவன், இடது பெடல் உச்சியில் நிற்பதைக் கண்டான்.

"நிவி, வண்டியைத் தொட்டியா?"

படுக்கையறைத் தரையில் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த ஏழு வயது மகள் நிவேதிதா தலையைத் தூக்காமலே பதில் சொன்னாள்.

"நீ கூப்ட்டாதான தொடுவேன். சும்மா தொட்டா திட்டுவியே."

அவள் பொய் சொல்லும் பிள்ளையல்ல. காலையில் லிப்டில் நடந்த பேச்சு அப்போது அவன் நினைவுக்கு வந்தது. நேர் கீழ்வீட்டில் தனியாக வசிக்கும் புஷ்பா, ராணுவச் சீருடை தைக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனதில் பட்டதை எல்லா மாடிக்கும் கேட்கும்படிச் சொல்லிவிடுவார்.

"இன்னா தம்பி, வெள்ளிக்கெழம ஆபீசுக்கு லீவா?"

"இல்லையேக்கா. ஏன்?"

"பின்ன பகல் பூரா ஆரு வண்டி ஓட்டிக்கினு இருந்தது? எந்தலை மேல ஒரே கடகடன்னு. ஒரு வாரமா இதே ரோதனையா கீது. நின்ன எடத்துலயே ஓட்ற வண்டிக்கு இம்மாம் சவுண்டா? எந்த ஊருக்குத்தாம்பா போற, சொல்லு, நானும் கூட வந்துட்றேன்."

அவன் சிரித்து வைத்தான். வெள்ளிக்கிழமை பகலில் அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. அவன் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் அலுவலகத்தில் இருந்தான். மனைவி ஷர்மிளா பூந்தமல்லியில் மருத்துவமனை ஆய்வகத்தில் இருந்தாள். குழந்தை பள்ளியில் இருந்தாள்.

வேறு எந்த வீட்டுச் சத்தமாவது குழாய் வழியாக இறங்கியிருக்கும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு, பெடலைக் காலால் தள்ளித் தாழ்த்தினான். அது இறங்க மறுத்தது. ஒரு கணம்தான். பிறகு, மறுபுறம் அழுத்திக்கொண்டிருந்த கால் ஒன்று விலகியதைப் போல, மெல்ல இறங்கியது.

சைக்கிள் அவனுடையது, அது பொருத்தப்பட்டிருந்த இயந்திரம் நண்பன் கிஷோருடையது. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, வண்டியின் சங்கிலியை அதன் கனத்த இரும்புத் தட்டோடு பூட்டினால், சுவரிலுள்ள டிவியில் ஒரு சாலை விரியும். திரையில் சாலை மேடேறினால் இங்கே பெடல் கனக்கும், சரிந்தால் இலேசாகும். 'டிரெய்னர்' என்று அதைச் சொல்வார்கள். திருமுல்லைவாயிலிலிருந்து கிளம்பினால் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வரைக்கும் ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள மேம்பாலங்களைத் தவிர வேறொன்றும் இல்லாத தட்டையான பூமியில் வாழும் சைக்கிள்காரர்களுக்கு, மலை வேண்டுமென்றால் வீட்டுக்குள்தான் மலை. அவர்களுடைய குழுவில் எல்லோருக்கும் பித்துப் பிடிக்கச் செய்தது ஒரே ஒரு ஏற்றம்: நடுக்கடல் தீவொன்றில், கரிய மணற்கரையில் தொடங்கி, கரும்புத் தோட்டங்களையும் காட்டையும் மேகத்தையும் கடந்து, எரிமலையின் வாய்வரை இறங்காமல் ஏறும் சாலை. அந்தத் தீவுக்கு ஒருநாள் நேரில் போவதென்று அவனும் கிஷோரும் நெடுநாளாகப் பேசி வந்தார்கள்.

அந்த ஏற்றத்துக்குக் குழு வைத்திருந்த விதி ஒன்றுதான். பெடல் நிற்கக் கூடாது. நின்றால் ஏறியது கணக்கில் வராது. மனிதன் தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் இறங்கத்தானே வேண்டும்? அப்போது வீட்டிலிருப்பவர் யாராவது வந்து குனிந்து, பெடலைக் கையால் சுற்றிக்கொண்டிருப்பார்கள். 'கை கொடுப்பது' என்று அதற்கு எல்லா வீடுகளிலும் ஒரே பெயர். தோசைக்கரண்டியோடு வந்து கை கொடுத்த மனைவிமாரும், வீட்டுப்பாடத்துக்கு நடுவே கை கொடுத்த பிள்ளைகளும் அந்தக் குழுவில் நிறைய உண்டு. நிவேதிதாவுக்கு அது மிகவும் பிடித்த வேலை. ஷர்மிளா ஒவ்வொரு முறையும் முணுமுணுப்பாள். ஒவ்வொரு முறையும் வந்து கொடுப்பாள்.

போன மாதம் அந்தத் தீவின் ஏற்றத்தில் பாதி வழியில், அம்பத்தூரில் தன் வீட்டுக் கூடத்திலேயே கிஷோர் விழுந்து இறந்தான். மாரடைப்பு என்று மருத்துவர் எழுதினார். துக்கம் கேட்கப் போனபோது அவன் மனைவி ஜெபா வேறெதையும் பேசவில்லை. அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

"மூணு தடவை கூப்ட்டாரு அண்ணா. 'ஜெபா, கொஞ்சம் கை குடு'ன்னு. நான் மாவு பெசைஞ்ச கையோட நின்னேன். 'ஒரு நாள் நின்னுதான் போங்களேன், மலை எங்க ஓடிடப் போவுது'ன்னு கத்துனேன். அப்புறம் கூப்டல. போய்ப் பாத்தா கீழ விழுந்து கெடக்குறாரு. பெடல் மட்டும் சுத்திக்கிட்டே இருந்துச்சு. நான் ஒரு கை குடுத்திருந்தா..."

மிதிப்பவனின் கால் விலகிய பிறகு அந்த இரும்புத் தட்டு சற்று நேரம் சுழலலாம். பெடல் தானாகச் சுழல வழியே கிடையாது. சைக்கிள் ஓட்டும் எவருக்கும் தெரிந்த சங்கதி அது. துயரத்தில் கண் எதையும் காணும் என்று ஸ்ரீகாந்த் நினைத்துக்கொண்டான்.

"டிவியில அவரு பேருக்கு நேரா இன்னும் 'ஏற்றம் முடியவில்லை'ன்னே காட்டுது. பாதி மலையில நிக்கிறாரு அண்ணா. என்னால பாக்க முடியல. நீங்களாவது மேல ஏத்தி விட்ருங்க."

இறந்தவனின் ஏற்றத்தை நண்பன் முடித்துக் கொடுப்பது நல்ல காரியமாகவே அவனுக்குத் தோன்றியது. டிரெய்னரை வீட்டுக்குக் கொண்டு வந்து தன் சைக்கிளைப் பூட்டி, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை மிதித்துப் பார்த்து, இடது பெடலைத் தாழ்த்தி நிறுத்தி, அடுத்த ஞாயிறு வரட்டும் என்று விட்டிருந்தான்.

இப்போது திரையில் கிஷோரின் பெயரிலேயே உள்ளே நுழைந்தபோது, சாலை கிஷோர் நின்ற வளைவிலிருந்து தொடங்கியது. இருபுறமும் காடு. திரையின் ஓரத்தில் இரண்டு எண்கள்: கடந்த தூரம், மீதித் தூரம். இரண்டும் ஒன்றாக இருந்தன. சரியாகப் பாதிதான் என்று எண்ணிக்கொண்டு மிதித்தான். மின்விசிறி முகத்துக்கு நேரே சுழன்றது. வெளியே மழை பால்கனித் தகரத்தில் இறங்கியது. டிரெய்னரின் உறுமல் தரைவழியாக இறங்கி, கீழே புஷ்பாவின் தலைக்குமேல் போய்க்கொண்டிருக்கும் என்று நினைத்தபோது சிறிது சிரிப்பும் வந்தது.

ஷர்மிளா தொலைபேசியில் அழைத்தாள்.

"ஸ்ரீ, டூட்டி முடிஞ்சு பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுகிட்ட மாட்டிக்கிட்டேன். மெட்ரோவுக்கு நோண்டுன பள்ளமெல்லாம் தண்ணி. ஆட்டோக்காரன் படகு ஓட்ற ரேட்டு கேக்குறான். பாப்பா சாப்ட்டாளா?"

"சாப்ட்டா. பார்த்து வா."

"மூச்சு வாங்குற. மலையில இருக்கியா?"

"ஆமா. பாதிக்கு மேல வந்துட்டேன்."

"இருங்க சாமி, எரிமலையில நல்லாக் குளிர் காய்ஞ்சுட்டு வாங்க. நான் நனைஞ்சுகிட்டே வரேன்."

நிவேதிதா வண்ணப் பென்சிலோடு வந்து கம்பளத்தின் விளிம்பில் உட்கார்ந்தாள். மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். "அப்பா, அந்த ஆட்டுக் கதைக்கு முடிவு சொல்றேன்னியே."

அது அவனே கட்டிய கதை. மலையுச்சியிலுள்ள புல்லுக்கு ஆசைப்பட்டு ஓர் ஆடு ஏறத் தொடங்கிற்று. களைத்து நின்றபோது மலையைக் கேட்டது: இன்னும் எவ்வளவு தூரம்? மலை சொன்னது: நீ வந்த தூரம்தான். பாதி வந்துவிட்டோம் என்று ஆடு மகிழ்ந்து மேலும் ஏறிற்று. மறுபடி களைத்தது, மறுபடி கேட்டது. மலை மறுபடியும் சொன்னது: நீ வந்த தூரம்தான்.

"அப்ப அது எப்பவுமே பாதியிலதான இருக்கும்?" என்று முதல் நாளே கேட்டிருந்தாள் நிவேதிதா. "திரும்பி வந்துட வேண்டியதுதான?"

"இவ்ளோ தூரம் வந்துட்டமேன்னு அதுக்கு மனசு வராதும்மா."

"லூசு ஆடு."

முடிவு அவனுக்கே தெரியாது. "ஏறி முடிச்சுட்டுச் சொல்றேன்," என்றான் இப்போது. அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டு மீண்டும் அறைக்குள் போனாள்.

காடு மெலிந்து மேகம் வந்தது. அவனுக்குத் தெரிந்த சாலைதான்; பலமுறை ஏறிப் பாதியில் விட்ட சாலை. இந்த இடத்தில் பெடல் கனக்கும் என்பதும், இந்த வளைவில் கரிய பாறை தெரியும் என்பதும் கால்களுக்கே மனப்பாடம். ஆயினும் இன்று சாலை ஈரமாக இருந்தது. ஈரத்தில் ஒரு சக்கரத்தடம் தெரிந்தது. அது மெல்லியதாக, புதிதாக, அவனுக்கு முன்னே போய்க்கொண்டிருந்தது. வேறு எவரும் உள்ளே வர முடியாதபடி அமைத்த தனிச் சாலையில்தான் அவன் ஏறிக்கொண்டிருந்தான். அதை இருமுறை சரிபார்த்திருந்தான்.

நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. துடைத்துவிட்டுப் பார்த்தபோது, அடுத்த வளைவின் மேகத்துக்குள் ஒருவன் சென்றுகொண்டிருந்தான். வெளுத்த ஆரஞ்சு நிறச் சட்டை. இடது முழங்கை மட்டும் வெளியே துருத்தியிருந்தது. அந்த முழங்கையை உள்ளே மடக்கச் சொல்லிக் குழுவில் எல்லோரும் ஆண்டுக்கணக்காகக் கேலி செய்திருக்கிறார்கள். கிஷோர் கடைசிவரை மடக்கவேயில்லை.

பழைய பதிவை இயந்திரம் திருப்பிக் காட்டுகிறது என்று ஸ்ரீகாந்த் தன் அறிவுக்குச் சொன்னான். அறிவு ஒப்புக்கொண்டது, பிடரி ஒப்புக்கொள்ளவில்லை. முட்டை அழுகியது போன்ற ஒரு வாடை, மின்விசிறிக் காற்றோடு வந்தது. சமையலறைத் தொட்டி அடைத்திருக்கும் என்று எண்ணினான். தண்ணீர்ப் புட்டி காலியாகியிருந்தது. அப்போது வாசல் மணி அடித்தது; விடாமல் அடித்தது.

நிறுத்தியிருக்கலாம். ஒரு நாள் நின்றுதான் போயிருக்கலாம். ஆனால் ஜெபாவின் முகம் நினைவுக்கு வந்தது. இன்னும் கொஞ்ச தூரம்தான் என்ற ஆசையும் வந்தது.

"நிவி! ஓடி வா, கொஞ்சம் கை குடு!"

அவள் குதித்துக்கொண்டு வந்து மண்டியிட்டாள். அவன் கால் எடுத்த அடுத்த நொடியில் அவளுடைய சின்னக் கைகள் பெடலைப் பற்றின. "இன்னா கனம்ப்பா," என்று புஷ்பாவைப் போலவே பேசிக் காட்டிச் சிரித்தாள். அவனும் சிரித்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தான்.

புஷ்பாதான். கையில் கரண்டி.

"தம்பி, ஒரு வண்டின்னா பொறுத்துக்குவேன். இன்னிக்கு இன்னா, ரெண்டு வண்டி ஓட்றீங்க?"

"ஒண்ணுதாங்கக்கா இருக்கு."

"காது இன்னும் போவலப்பா எனக்கு. ஒண்ணு முன்னால போவுது, ஒண்ணு பின்னால போவுது." அவர் பேச்சை நிறுத்தி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஆமா, நீ இங்க கீற. உள்ள ஆரு ஓட்றது?"

"பாப்பா. சும்மா கையால சுத்துறா."

"பாப்பாவா? இம்மாம் வேகமாவா?"

அப்போதுதான் அவனும் கேட்டான். உள்ளேயிருந்து வந்த உறுமல் ஏறிக்கொண்டிருந்தது. எந்தக் குழந்தையின் கையாலும், எந்தப் பெரியவனின் காலாலும் எழுப்ப முடியாத வேகத்துக்கு அது ஏறி, கதவுச் சட்டத்தை அதிரச் செய்தது.

"நிறுத்தச் சொல்றேங்கக்கா," என்று கதவைச் சாத்திவிட்டு ஓடினான்.

கூடத்தில் பெடல் சுழன்றுகொண்டிருந்தது. அதன் அருகில் யாரும் இல்லை.

"நிவி?"

அவன் வாசலை அடைத்தபடி நின்றிருந்தான். அவனைத் தாண்டி அவள் போயிருக்க முடியாது. படுக்கையறையில் பாதி வண்ணம் தீட்டிய மயில். குளியலறை காலி. பால்கனிக் கதவின் தாழ்ப்பாள் உள்ளிருந்து, அவள் கைக்கு எட்டாத உயரத்தில், போட்டபடியே இருந்தது. கட்டிலுக்கு அடியில் தூசி. அலமாரிக்குள் துணிகள். ஒளிந்து விளையாடுகிறாள் என்று நம்ப விரும்பி, குரலைக் கடுமையாக்கி, "நிவேதிதா, போதும், வெளிய வா," என்றான். அவனுடைய குரல் அவனுக்கே அந்நியமாக ஒலித்தது.

கம்பளத்தில், பெடலுக்கு நேர்கீழே, கரிய தூள் சிந்தியிருந்தது. தொட்டான். வெதுவெதுப்பாக இருந்தது. அதில் ஒரு சிறு பாதத்தின் தடம் இருந்தது. ஒன்றே ஒன்று. விரல்கள் திரையை நோக்கியிருந்தன.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

மேகம் விலகிய சாலையில் ஆரஞ்சுச் சட்டை போய்க்கொண்டிருந்தது. வண்டியின் முன்கம்பியில், அடுக்ககத்தைச் சுற்றி மாலைகளில் கிஷோர் அவளை ஏற்றிச் சென்ற அதே விதத்தில், ஒரு குழந்தை பக்கவாட்டில் அமர்ந்திருந்தாள். மஞ்சள் கவுனின் ஓரம் காற்றில் படபடத்தது. வெறுங்கால்கள் ஆடிக்கொண்டிருந்தன. அவள் திரும்பி, திரைக்கு வெளியே நேராக அவனைப் பார்த்து, கையசைத்தாள்.

"அப்பா, வா!"

குரல் டிவியிலிருந்து வரவில்லை. அது வெகு தூரத்திலிருந்து, திறந்த வெளியிலிருந்து, காற்றில் நைந்து வந்தது.

கதவைத் திறந்து புஷ்பாவைக் கூப்பிட வேண்டும் என்றுதான் முதலில் திரும்பினான். இரண்டடி வைத்திருப்பான். பின்னால் பெடலின் சுழற்சி தளர்ந்தது. தளர்ந்த அளவுக்குத் திரை மங்கியது. மஞ்சள் நிறம் சாம்பலாகியது. குழந்தையின் கையசைப்பு தயங்கி, பாதியில் நிற்கப் போயிற்று. பெடல் நின்றால் என்ன ஆகும் என்று அவன் நினைத்துப் பார்க்கவில்லை. நினைக்கத் துணியவில்லை. பாய்ந்து ஏறினான். மிதித்தான்.

மஞ்சள் திரும்ப வந்தது.

"கிஷோர்! டேய், நில்றா! குழந்தைடா!"

ஆரஞ்சுச் சட்டை திரும்பவில்லை. முழங்கை மட்டும் துருத்திக்கொண்டு அசைந்தது.

அந்த நேரத்தில் மின்சாரம் போனது. மின்விசிறி தளர்ந்து நின்றது. குளிர்பெட்டியின் முனகல் அடங்கியது. கட்டடம் முழுவதும் மௌனமாயிற்று. மின்சாரம் இல்லாவிட்டால் டிவி அணைய வேண்டும். டிரெய்னர் பிடியை விட்டு, பெடல் காற்றில் சுழல்வதுபோல் இலேசாக வேண்டும். திரை அணையவில்லை. பெடல் முன்னைவிடக் கனத்தது. மின்விசிறி நின்ற பிறகும் முகத்தில் காற்று வீசிற்று. குளிர்ந்த காற்று. கந்தகம் நாறும் காற்று.

அவன் எழுந்து நின்று மிதித்தான். தொடைகள் எரிந்தன. தொண்டையில் இரும்புச் சுவை. எண்களைப் பார்த்தான். கடந்த தூரம் கூடியிருந்தது. மீதித் தூரமும் அதே அளவுக்குக் கூடியிருந்தது. மறுபடி பார்த்தான். இரண்டும் ஒன்றாகவே, கைகோத்துக்கொண்டு, ஏறிக்கொண்டிருந்தன.

நீ வந்த தூரம்தான்.

தான் கட்டிய கதை அது. தன் வாயால் அந்தக் குழந்தைக்குச் சொன்ன கதை. யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள்?

"அப்பா," என்று முன்னாலிருந்து அவள் கூப்பிட்டாள். இப்போது அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. "குளுருதுப்பா. மாமா பேசவே மாட்டேங்குறாரு."

"இதோ வந்துட்டேன்டா கண்ணு. பிடிச்சுக்கோ. கீழ எறங்காத."

"இன்னும் எவ்ளோ தூரம்?"

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு மிதித்தான். வாயைத் திறந்தால் அந்தப் பதில்தான் வரும் என்று பயந்தான்.

வளைவு. மற்றொரு வளைவு. மரங்கள் தீர்ந்தன. புல் தீர்ந்தது. இருபுறமும் உறைந்து இறுகிய கரும்பாறைக் குழம்பு. சாம்பல் மெல்லிய தூறலாக இறங்கி அவனுடைய முன்கையில் படிந்தது. கையில்தான் படிந்தது. அவன் சுவரைத் தேடினான். மாட்டியிருந்த காலண்டர் எங்கே? சோபா எங்கே? சுவர் இருந்த இடத்தில் மேகம். கம்பளம் இருந்த இடத்தில் ஈரத் தார்ச்சாலை. சைக்கிள் அவனுக்குக் கீழே சாய்ந்தது, நிமிர்ந்தது, பூட்டப்படாத வண்டி சாய்வதைப் போல. பின்னால் சக்கரம் சுழலும் சத்தம் கேட்டது. அவன் கழற்றி வைத்த பின்சக்கரம்.

நிற்கக் கூடாது. காலை ஊன்றக் கூடாது.

நெருங்கினான். மெய்யாகவே நெருங்கினான். கிஷோரின் முதுகு தெரிந்தது. சட்டை முழுவதும் சாம்பல். உள்ளே மூச்சு ஏறி இறங்காத முதுகு. குழந்தையின் ஒரு கை அவனை நோக்கி நீண்டிருந்தது. விரல்களில் பச்சை வண்ணம். மயிலின் பச்சை. ஸ்ரீகாந்த் ஒரு கையை விட்டு எட்டினான். ஒரு சாண். அவன் விலாவே கிழியும்படி மிதித்தான். அப்போதும் ஒரு சாண். மறுபடியும் மிதித்தான். இடையில் நின்ற அந்த ஒரு சாண் அப்படியே நின்றது.

"அப்பா, பிடிப்பா!"

அழுகை வந்தது. அழ மூச்சு இல்லை.

அந்த நேரத்தில் குழந்தை அவனுக்குப் பின்னால், கீழே, எதையோ பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

அவனும் திரும்பிப் பார்த்தான். கீழே, ஏறிவந்த வளைவுகளுக்கெல்லாம் கீழே, மேகத்தின் நடுவில், ஒளியுள்ள சிறு சதுரம் ஒன்று தொங்கியது. ஜன்னல் அளவு. டிவி அளவு. அதற்குள் ஒரு கூடம் தெரிந்தது. மின்சாரம் வந்திருந்தது போலும், மின்விசிறி சுழன்றது. காலண்டர் ஆடியது. மூலையில் ஒரு சைக்கிள். அதன்மேல் யாரும் இல்லை. பெடல் மட்டும் சுழன்றுகொண்டிருந்தது. மெதுவாக. இன்னும் மெதுவாக.

அங்கே சாவி திரும்பும் சத்தம் இவ்வளவு உயரத்திலும் தெளிவாகக் கேட்டது.

ஷர்மிளா உள்ளே வந்தாள். தலைமுதல் கால்வரை நனைந்திருந்தாள். குடையைக் கதவோரம் சாய்த்தாள். துப்பட்டாவைப் பிழிந்தாள். "ஸ்ரீ? பாப்பா? எங்க போனீங்க ரெண்டு பேரும்?"

ஜெபா மாவுக் கையோடு சமையலறையில் நின்றாள். கை கொடுக்கவில்லை; அதனால்தான் இன்னும் அம்பத்தூரில் இருக்கிறாள். அந்த நினைவு அவனுக்குள் மின்னலாக இறங்கியது.

"ஷர்மி, தொடாத!"

கத்தினான். கத்தியதாக நினைத்தான். அந்த உயரத்துக் காற்றில் அவன் வாயிலிருந்து ஆவிதான் வந்தது. மறுபடி கத்தினான். ஆவி. அவனுக்கு முன்னால், ஒரு சாண் தூரத்தில், குழந்தை இரு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். கண்ணால் கெஞ்சினான். அவளுக்குப் புரியவில்லை. ஏழு வயது. அம்மாவைக் கண்ட சந்தோஷம். பெடல் நிற்கப் போனால் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான்.

"அம்மா! கொஞ்சம் கை குடும்மா!"

அந்தக் குரல் மணியாக மலையிறங்கிப் போயிற்று.

கீழே ஷர்மிளா நிமிர்ந்தாள். எங்கிருந்து என்று சுற்றும் பார்த்தாள். பிறகு முகத்தில் தினமும் வரும் அந்தச் சலிப்பும், சலிப்புக்கு அடியில் தினமும் இருக்கும் அந்தச் சிரிப்பும் வந்தன. "வந்தவளை உக்கார விடுறீங்களா..." என்றபடி கைப்பையை வைத்தாள். சைக்கிளின் அருகே மண்டியிட்டாள். ஈரக் கூந்தலைப் பின்னால் தள்ளினாள்.

வளையல்கள் முழங்கைக்குச் சரிய, அவள் கை பெடலை நோக்கி நீண்டது. ஐந்து விரல்களும் விரிந்தன. ஒவ்வொன்றாக அதன்மேல் மூடின.